கூத்தை ரெக்கார்டு பண்ணலாமுங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் பவானிக்கு மேற்கே. வீட்டுப் பரணில் அப்பா விட்டுப்போன தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் நூற்றுப் பத்துக்கு மேல் கேசட்டுகள். நோம்பிக் (திருவிழா) கூத்து, உடுக்கைப் பாட்டு, வள்ளி திருமண நாடகம் என்று ராத்திரி ராத்திரியாகப் பதிந்தவை. ஒன்றுக்குக்கூட அப்பா யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். இப்போது அதே முன்வரிசையில் நாற்பது செல்போன்கள் தலைக்கு மேலே நிற்கின்றன. பெட்டி என்னிடம் இருப்பது தெரிந்து ஆட்கள் போனிலும் நேரிலும் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தப் பழக்கம் நம்ம பக்கம் எப்ப வந்ததுங்க?

ஆராய்ச்சிக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையை (பொன்னர் சங்கர் கதை) உடுக்கைப் பாட்டாகவே ஒலிநாடாவில் பதிந்தார். பாடியவர்களுக்குத் தெரிந்து செய்த வேலை அது.

ரசிகர்கள் கைக்கு இது வந்தது டேப் ரெக்கார்டர் விலை இறங்கிய பிறகு. எங்கள் ஊரில் தறிக்காரர்கள் வீட்டில்தான் முதலில் வந்தது. கூத்து பத்து மணிக்குத் தொடங்கினால் பொழுது கிளம்பும் வரை எட்டு மணி நேரம் ஓடும். சி-90 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஆக ஒரு ராத்திரிக்கு ஆறு கேசட் வேண்டும், பத்துத் தடவை திருப்பவோ மாற்றவோ வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆட்டம் போய்விடும். அப்பா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நாடா முடியப் போகிறது என்றால் கோமாளி பேசவரும் வரை காத்திருந்து, அவர் வாயைத் திறந்ததும் டக்கென்று திருப்பிவிடுவார். அதனால் எங்கள் பெட்டியில் பாட்டெல்லாம் முழுசாக இருக்கும், கோமாளி மட்டும் பாதிதான் இருப்பார். வருஷம் ஆக ஆக, அந்தப் பாதிக் கோமாளிக்காகத்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. பாட்டை வேறு செட்டும் (கூத்துக் குழுவும்) பாடும். அந்தக் கோமாளி அன்றைக்குப் பேசியது போனது போனதுதான்.

இன்னொன்று, பேட்டரி. விடியக்காலம் நெருங்க நெருங்க பேட்டரி இறங்கி நாடா மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று வரும். எங்களிடம் இருக்கிற கர்ணன் உயிர் விடும்போது பத்து வயதுப் பையன் குரலில் அழுகிறார்.

சரி, சட்டம் என்ன சொல்லுதுங்க? பதியறது குத்தமா?

நான் வக்கீல் இல்லை. தகராறு என்று வந்தால் வக்கீலிடம் போங்கள். நான் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் முதலில் எழுதுகிறவருக்கும் இசையமைக்கிறவருக்கும் படம் எடுக்கிறவருக்கும் இவர்கள் மாதிரி ஆட்களுக்கும்தான் உரிமை கொடுத்தது. மேடையில் நின்று ஆடுகிறவர், பாடுகிறவர் அதில் ஆளே கிடையாது. 1978இல் தேவ் ஆனந்த் சம்பந்தப்பட்ட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், நடிகரின் நடிப்புக்கென்று தனிக் காப்புரிமை இல்லை என்றே சொல்லிவிட்டது. 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துவோர் உரிமை என்று ஒன்று உள்ளே வந்தது. 2012இல் அதை இன்னும் பலப்படுத்தினார்கள். நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நாட்டியக்காரர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி வரைக்கும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். பாம்பாட்டிக்கு இடம் இருக்கிறபோது கூத்தாடிக்கு இல்லாமல் போகுமா?

இந்த உரிமை இருக்கிறவர் சம்மதம் இல்லாமல் அவர் ஆடுவதை ஒலியாகவோ படமாகவோ பதியவோ, பிரதி போடவோ, பொதுமக்கள் பார்க்கிற மாதிரி வெளியிடவோ கூடாது. ஆயுள் 50 வருஷம், ஆடிய வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 2010 நோம்பியில் ஆடியது 2060 டிசம்பர் முடியும் வரை அவருடையது. மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூத்தைப் பதிந்து யாரும் ஜெயிலுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. போகாததால் அது சரியாகிவிடாது.

எனக்காகத்தானே பதியறேன்? வீட்டுல போட்டுக் கேக்கறதுக்கு.

அதற்கு வழி இருக்கிறது. 39ஆம் பிரிவு, பதிகிறவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிந்தால் அதை மீறலாக எடுத்துக்கொள்வதில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க, ஆராய்ச்சி செய்ய என்று உண்மையாகவே பதிவதற்கும் அப்படித்தான். அப்பாவின் பெட்டி பரணிலேயே இருந்தவரை இந்தக் கணக்கில் அடங்கும்.

சொந்த உபயோகம் எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். சம்சாரத்துக்குப் போட்டுக் காட்டுவது சொந்தம். நோம்பிக்கு வந்த ஒறம்பரைக்கு (உறவுக்காரர்களுக்கு) போட்டுக் காட்டுவதும் சொந்தம் என்றே வைத்துக்கொள்ளலாம். இருநூற்றைம்பது பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு சொந்தம் என்றால், அந்தக் குழுவில் உங்கள் வீட்டு ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டி வரும்.

அண்ணன்மார் கதை ஊருக்கே பொதுச்சொத்து. அதுல என்னங்க உரிமை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்கிறவர்கள் பாதி சரி.

பொன்னர், சங்கர், தங்கச்சி அருக்காணி கதைக்கு யாரும் பட்டா போட முடியாது. பாரதக் கதைக்கும் அப்படித்தான். நாட்டார் வழக்காறுகளுக்கென்று நம் காப்புரிமைச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பே இல்லை. எழுதிய நாடகம் என்றாலும், எழுதியவர் இறந்து 60 வருஷம் வரைதான் காப்புரிமை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானார், ஆகவே அவர் எழுதிய நாடகங்களை இன்றைக்கு யாரும் போடலாம், யாரும் அச்சடிக்கலாம்.

ஆனால் நீங்கள் பதிவது கதையை அல்லவே. மாசி மாதக் குளிரில் துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு, தொண்டை கட்டின பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு அருக்காணி ஒப்பாரியை ஓர் ஆள் இழுத்தாரே, அந்த இழுப்பைத்தான் பதிகிறீர்கள். கதை ஊருடையது, இழுப்பு அவருடையது. கிணற்றுத் தண்ணீர் பொது என்பதற்காக இறைத்து வைத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

ஊருக் கமிட்டி காசு குடுத்துத்தானே கூட்டியாந்தோம்? அப்புறம் எதுக்குத் தனியா கேக்கணும்?

வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தது அன்றைக்கு ராத்திரி ஆடுவதற்கு. ரெக்கார்டு பண்ணுவதற்கும் சேர்த்து என்று அப்போதே பேசியிருந்தால் பிரச்சினையே இல்லை. பேசவில்லை என்றால் அந்த உரிமை செட்டுக்காரர்களிடமேதான் இருக்கிறது. கமிட்டித் தலைவர் மைக்கில் “எல்லாரும் எடுத்துக்குங்க” என்று சொன்னாலும் அவர் கொடுக்க முடியாத ஒன்றைத்தான் கொடுக்கிறார்.

இப்போது சில ஊர்களில் நேரலைச் சேனல்காரர்களைக் கமிட்டியே கூப்பிட்டு வைக்கிறது. சேனல்காரருக்கு ஊர் பணம் கொடுக்கிறது, விளம்பர வருமானமும் அவருக்கே போகிறது. ஆடுகிறவருக்கு ஒரு கப் டீ கூடுதலாகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அச்சாரம் பேசும்போதே “நேரலைக்கு இவ்வளவு” என்று தனியாகச் சொல்ல ஒன்றிரண்டு வாத்தியார்கள், அதாவது செட்டுத் தலைவர்கள், கற்றுக்கொண்டு விட்டார்கள். மற்றவர்களும் கற்றுக்கொண்டால் நல்லது.

அவங்களுக்கு அது விளம்பரம்தானுங்களே? என்ன நஷ்டம் வந்துரப்போகுது?

விளம்பரம் என்பது பொய் இல்லை. வீடியோவில் பின்னால் தெரிந்த பேனரில் இருந்து போன் நம்பரை எடுத்து, திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருந்து ஆள் தேடிவந்து அச்சாரம் கொடுத்ததை நான் நேரில் பார்த்தேன். ‘எடுக்காதீங்க’ என்று எல்லாச் செட்டும் சொல்வதும் கிடையாது. சில வாத்தியார்களுக்குச் சந்தோஷம்தான்.

நஷ்டம் வேறு விதத்தில் வரும். கோமாளிக்கு ஒரு வருஷத்துக்குக் கைவசம் இருக்கிற சிரிப்பு கொஞ்சம்தான். அதைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோவார். போன வருஷம் அந்தியூர்ப் பக்கம் ஓர் ஊரில் பார்த்தேன். கோமாளி மாமியார் வீட்டுக்குப் போன கதையை எடுத்தார். மூன்றாவது வரிக்குள் முன்வரிசைப் பையன் ஒருவன் கடைசி வரியைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். போனில் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறான். கூட்டம் பையனைப் பார்த்துச் சிரித்தது. கோமாளி ஒரு நொடி நின்றார், கையில் இருந்த கோலைத் தரையில் தட்டினார், “சரி, மீதியையும் நீயே ஆடிரு கண்ணு, நான் போய்ப் படுக்கறேன்” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சமாளித்துவிட்டார். தினமும் சமாளிக்க முடியுமா?

அடுத்து நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாரியம்மன் நோம்பியில் கோமாளிக்கும் பெண் வேஷக்காரருக்கும் நடந்த வாய்ச்சண்டையை நாலு நிமிடத்துக்கு வெட்டி இணையத்தில் போட்டேன். கொஞ்சம் பச்சையான பேச்சுதான். அங்கே பாட்டிமார்கள் வெற்றிலையை மென்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தருக்கும் தப்பாகப் படவில்லை. அரை மணி நேரம் கழித்து அதே கோமாளி அந்தப் பொம்பளை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார், கூத்தின் கணக்கே அதுதான். நான் வெட்டிய துண்டில் கால் இல்லை, மன்னிப்பு இல்லை, பச்சைப் பேச்சு மட்டும்தான். இரண்டு நாளில் எங்கெங்கோ போய்விட்டது. கீழே எழுதியவர்கள் எல்லாம் பெண் வேஷம் கட்டினவரைப் பற்றித்தான் எழுதினார்கள். அவர் மகள் படிக்கிற பள்ளிக்கூடம் வரை போய்விட்டது.

அந்தச் செட்டு வாத்தியார் போன் செய்தார். திட்டவில்லை. “ஏனுங்க தம்பி, நாங்க ஊருக்கு ஆடுனோமுங்க. நீங்க யாருக்குங்க காட்டுனீங்க?” என்று மட்டும் கேட்டார். நான் வீடியோவை நீக்கிவிட்டேன். அதற்குள் பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் மறுபடி போட்டார்கள். இன்றைக்கும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 38ஆ பிரிவு, ஆடியவர் பேரைச் சொல்ல வேண்டும் என்கிறது. பேரைக் கெடுக்கிற மாதிரி சிதைத்தால் தடுக்கலாம் என்கிறது. தொகுப்புக்காகவோ நேரத்துக்குள் அடக்குவதற்காகவோ வெட்டுவதை மட்டும் சிதைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். என் நாலு நிமிடத்தை இதில் எதில் சேர்ப்பார்கள் என்று வாதாட நான் தயாராக இல்லை.

படுகளத்தை வீடியோ எடுக்கலாமுங்களா?

எடுக்காதீர்கள்.

அண்ணன்மார் கோயில்களில் படுகளம் விழுகிறவர்கள் நடிக்கவில்லை. உடுக்கை ஏறும்போது அருள் வந்து சாய்கிறார்கள், செத்தவர்களாகவே கிடத்துகிறார்கள், வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து நிஜமாகவே அழுகிறார்கள், பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். நினைவில்லாமல் கிடக்கிற ஆளிடம் சம்மதம் எப்படி வாங்குவீர்கள்? முகத்துக்கு நேரே செல்போன் வெளிச்சம் அடித்த ஒருவரை, கிடந்தவரின் தம்பி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் செய்தது சரி. கோயில்காரர்களே ஆவணத்துக்காக ஏற்பாடு செய்து, விழுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி எடுப்பது வேறு விஷயம். அதற்கும் தூரத்தில் இருந்து ஒரே ஒரு கேமரா போதும்.

வேஷம் கட்டற எடத்துல?

முகத்தில் அரிதாரம் பூசுவதைக் கேட்டுக்கொண்டு எடுக்கலாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். உடை மாற்றுவதை எடுத்தால் காப்புரிமைப் பேச்சே கிடையாது, நேராகப் போலீஸ்தான். பெண் கலைஞரை அப்படி எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் வரும். முதல் தடவைக்கே ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை.

வள்ளி கும்மி அரங்கேற்றத்துல எல்லாருமே எடுக்கறாங்களே?

எடுக்கிறார்கள். அங்கே ஆடுகிறவர்கள் உங்கள் அம்மிணியும் பக்கத்து வீட்டு அம்மாளும்தான், எடுக்காவிட்டால்தான் சண்டை வரும். கோவையைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்த பிறகு இந்த ஆர்வம் இன்னும் கூடிவிட்டது. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையை மட்டும் தனியாக எடுத்துப் பொதுவில் போடாதீர்கள். இன்னொன்று, பாட்டு. பழைய மெட்டாக இருந்தாலும் வரிகளை ஆசிரியரே புதிதாகக் கட்டியிருப்பார். அது அவர் சொத்து. பேராவது போடுங்கள்.

சினிமா தியேட்டர்ல எடுத்தா புடிச்சுட்டுப் போறாங்களே, அதே சட்டம் இங்கயும் வருமா?

வராது. 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் திரையைப் படம் பிடிப்பதற்கு மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும் குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் வைத்தார்கள். அது திரைப்படத்துக்கு மட்டும். கூத்துக்களத்துக்கும் நாடக மேடைக்கும் மேலே சொன்ன காப்புரிமைச் சட்டம்தான்.

வெளிநாட்டுலயும் ரசிகருங்க இப்படிப் பண்றாங்களா?

கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நியூயார்க் பிராட்வே நாடகங்களைப் பார்க்க வந்தவர்களே ரகசியமாகப் பதிந்து தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கிற பெரிய உலகமே இருக்கிறது. அவர்களிடமும் கணக்கு வழக்கு உண்டு. பதிந்தவருக்கு மாஸ்டர் என்று பேர். அவர் சொல்கிற தேதி வரை வெளியே விடக் கூடாது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கலாம், காசுக்கு விற்றால் கேவலம். யூடியூபில் போடும்போது பிடிபடாமல் இருக்க ‘ஸ்லைம் டுடோரியல்’ என்று, பிள்ளைகள் பிசையும் பிசினைச் செய்து காட்டுகிற வீடியோ மாதிரி தலைப்பு வைக்கிறார்கள். அதைத் தேடிப் போனால் பாட்டு நாடகம் ஓடுமாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவர்கள் சொல்கிற காரணத்தைத் தள்ளிவிட முடியாது. டிக்கெட் விலை யானை விலை, ஊர் கடல் தாண்டி, நாடகம் முடிந்துவிட்டால் திரும்ப வராது. நியூயார்க் பொது நூலகம் 1970 முதல் நாடகங்களை முறைப்படி படம் பிடித்துச் சேர்த்து வைக்கிறது, ஆனால் அங்கேயே போய் அனுமதி வாங்கி உட்கார்ந்துதான் பார்க்க முடியும். லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 முதல் நாடகங்களைச் சினிமா அரங்குகளுக்கு நேரலையாக அனுப்புகிறது. ‘ஹாமில்டன்’ என்ற பிராட்வே நாடகத்தை 2016இலேயே படம் பிடித்து வைத்திருந்து 2020 ஜூலையில்தான் வெளியே விட்டார்கள். நாலு வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தால் ரசிகன் சுவரேறித்தான் குதிப்பான்.

ஆடுகிறவர்கள் பக்கம் கேட்டால் வேறு கதை. பாட்டி லூபோன் என்ற நடிகை 2009இல் முக்கியமான பாட்டின் நடுவிலேயே ஆட்டத்தை நிறுத்தி, போட்டோ எடுத்தவரை வெளியே அனுப்பச் சொல்லிச் சத்தம் போட்டார். 2015இல் இன்னொரு நாடகத்தில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தவர் கையில் இருந்து செல்போனையே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதே வருஷம் லண்டனில் ஹாம்லெட் ஆடிக்கொண்டிருந்த பெனடிக்ட் கம்பர்பேட்ச், அரங்கத்துக்கு வெளியே நின்று ரசிகர்களிடம் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார், மேடையில் இருந்து பார்த்தால் சிவப்பு விளக்கு தெரிகிறது என்றார். நம் கர்ணனுக்கும் தெரியும். அவர் சொல்வதில்லை.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே நஷ்டப்படுகிறவர் பெரிய முதலாளி, பதிகிறவர் டிக்கெட் வாங்க முடியாத பிள்ளை. இங்கே நாம் ஓசியில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறோம், ஆடுகிறவர் காலையில் முகம் கழுவிவிட்டுப் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறார். அவர்கள் நியாயத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது.

நான் போட்ட கூத்து வீடியோவுக்கு ஏதோ ஆடியோ கம்பெனி கிளெய்ம் போட்டுருக்குது. எப்பிடிங்க?

கோமாளி நடுவில் சினிமாப் பாட்டு இழுத்திருப்பார், அல்லது ஆர்மோனியக்காரர் அந்த மெட்டை வாசித்திருப்பார். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்கிற தானியங்கி இயந்திரம் அதைக் கண்டுபிடித்து உரிமைக்காரர் பக்கம் தள்ளிவிடும். அது கிளெய்ம்தான் (உரிமை கோருவது), ஸ்டிரைக் (சேனலுக்கு எதிரான எச்சரிக்கை) இல்லை, பெரும்பாலும் விளம்பர வருமானம் மட்டும் கைமாறும். ஸ்டிரைக் என்றால் ஜாக்கிரதை, 90 நாளைக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடின எட்டுப் பேருக்கு அந்த இயந்திரத்தில் பேரே இல்லை. இரண்டு நிமிட சினிமா மெட்டுக்குச் சொந்தக்காரரை மட்டும் அதற்குத் தெரிகிறது. செட்டுக்காரர்கள் வீடியோவை நீக்கச் சொல்ல வேண்டும் என்றால் அவர்களேதான் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வாத்தியாருக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். சில நாளில் நீக்கிவிட்டார்கள்.

வாத்தியார்கிட்ட எப்பிடிங்க கேக்கறது? கூச்சமா இருக்குது.

திரை பிடித்த பிறகு கேட்காதீர்கள். பொழுது சாய வேஷம் கட்ட உட்காருவதற்கு முன்னால், சாப்பாட்டுக்கும் அரிதாரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அப்போது போங்கள். நான் கேட்பது இப்படி:

“வணக்கமுங்க வாத்தியாரே. இன்னைக்கு ஆட்டத்த எனக்காகப் பதிஞ்சுக்கட்டுமுங்களா? வெளிய போடமாட்டனுங்க.”

“பதிஞ்சுக்குங்க சாமி. கோமாளி பேசறத மட்டும் விட்டுருங்க.”

“சரிங்க. ஒரு காப்பி உங்களுக்கும் குடுத்தர்றனுங்க.”

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். பல செட்டுகளிடம் அவர்கள் ஆடியதே இருக்காது. வெளியே போடுவதாக இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள், எந்தப் பகுதி, யார் பேரோடு, காசு வந்தால் யாருக்கு என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தலைவர் ஒருவர் கையெழுத்து போதாது, அந்தப் பகுதியில் ஆடுகிற எல்லோரும் போடட்டும். இல்லை என்று சொன்னால் போனைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

நல்லா பதியறதுக்கு யோசனை சொல்லுங்க.

ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேரே உட்கார்ந்தால் எல்லாம் கரகரவென்று வரும். ஆர்மோனியம், மிருதங்கம் இருக்கிற பக்கத்திலிருந்து பத்தடி தள்ளி, தரையில் துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் வையுங்கள். வீடியோ வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்பது என் கட்சி. வெளிச்சம் இல்லை, பின்னால் இருக்கிறவருக்கு மறைக்காது, பேட்டரி விடியும் வரை தாங்கும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் கால் வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், அதைக் காலையில்தான் பார்ப்பீர்கள்.

பழைய கேசட் இருக்குதுங்க. கம்ப்யூட்டருக்கு மாத்தோணும்.

முதலில் பூஞ்சணம் பூத்திருக்கிறதா பாருங்கள். நாடா ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், மற்ற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நன்றாக இருந்தால் பென்சிலை விட்டுத் தளர்ச்சியைச் சுற்றி இறுக்கி, ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பிறகு பதியுங்கள். பிளேயரில் நாடா உரசுகிற ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைக்க மறக்க வேண்டாம். வேவ் கோப்பாகவே வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு சி-90க்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளைப் போட்டு உருட்டாதீர்கள், முகவீணையும் சேர்ந்து போய்விடும். பின்னால் குலைக்கிற நாய் குலைத்துவிட்டுப் போகட்டும்.

பாடினவரு காலமாயிட்டாருங்க. இப்ப யாரைக் கேக்கறது?

வாரிசுகளை. பெரும்பாலும் அவர்களுக்கு அந்தக் குரல் பதிவாகி இருப்பதே தெரியாது. அப்பாவின் பெட்டியில் இருந்த உடுக்கைப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பாடியவரின் மகன் வீட்டுக்குப் போனேன். கேட்டார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதுல இருமறாருங்களே, அந்த இருமல்தானுங்க அவர எடுத்துட்டுப் போச்சு” என்றார். பொதுவில் போட வேண்டாம் என்றார். போடவில்லை.

உங்ககிட்ட இருக்கறதுக்கு ஒரு லிஸ்ட் குடுங்க. என்கிட்டயும் இருக்குது, மாத்திக்கலாம்.

மாற்றல் இல்லை, விற்பனையும் இல்லை. எந்தச் செட்டின் ஆட்டம் வேண்டுமோ அந்த வாத்தியாரிடமோ அவர் வீட்டாரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள், நான் போன் போட்டு உறுதி செய்துகொள்வேன். கூத்து கற்றுக்கொள்கிற பிள்ளைகளும் ஆராய்ச்சி மாணவர்களும் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்கலாம். மத்தியானச் சாப்பாடு உண்டு. வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், ஒரு ராத்திரிக் கூத்தே 5 ஜிபி. பென் டிரைவ் எடுத்து வாருங்கள், 32 ஜிபியாக. 16இல் மூன்று ராத்திரிக்கு மேல் அடங்காது.